எழுவாய் இல்லாத வாக்கியங்கள்

தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக் காம்பராவின் திண்ணையில் உயரம் அளக்கும் பலகையைச் சாய்த்து நிறுத்திவிட்டு, தராசைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். 2017ஆம் ஆண்டு, இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். பகல் கொழுந்து நிறுத்துவிட்டு, கைக்குழந்தைக்குப் பால் கொடுக்க வந்த ஒரு அக்கா, இடுப்பில் கட்டிய நனைந்த படங்கைக்கூட அவிழ்க்காமல் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"போன வருசமும் ஒரு குரூப் வந்து புள்ளைங்கள அளந்துட்டுப் போனாங்க மிஸ். என்ன கண்டாங்கன்னு எங்களுக்கு யாரும் சொல்லலையே?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. நானும் லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், பிறந்தவள். என் அம்மாவும் மலைக்குப் போனவர். இதே மாதிரி ஒரு காம்பராவில் என்னையும் யாரோ அளந்திருப்பார்கள், எங்கோ எழுதியிருப்பார்கள். அந்தத் தாள் எங்கே போனது என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை.

எங்கள் ஆய்வுக் குழு அளக்கப் போன காரணம் வலுவானது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17.3 வீதத்தினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டங்களில் மட்டும் எடுத்தால் அது 31.7 வீதம். அதற்கு முந்திய 2006–07 ஆய்வில் தோட்டங்களின் கணக்கு 40 வீதத்தைத் தொட்டிருந்தது. குறைந்திருக்கிறது, உண்மைதான். ஆனாலும் மூன்றில் ஒரு பிள்ளை என்பது எனக்கு வெறும் எண்ணாகத் தெரிவதில்லை. ஒரு காம்பராவில் முப்பது பிள்ளைகள் இருந்தால் அவர்களில் ஏறக்குறையப் பத்துப் பேர்.

எங்கள் குழுவின் அறிக்கை அடுத்த வருடம் வந்தது. ஆங்கிலத்தில், தடித்த அட்டையோடு. கொழும்பில் ஒரு மண்டபத்தில் வெளியிட்டார்கள். கடைசிப் பக்கங்களில் பரிந்துரைகள். "தாய்மாரிடையே விழிப்புணர்வு ஏற்படுத்தப்பட வேண்டும்." "பிள்ளைக் காம்பராக்கள் தரமுயர்த்தப்பட வேண்டும்." "சுகாதார சேவைகள் வலுப்படுத்தப்பட வேண்டும்." தமிழில் மொழிபெயர்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. அப்போதுதான் தோட்டப் பாடசாலையில் எங்கள் தமிழ் ஆசிரியர் ஓயாமல் கேட்கும் கேள்வி ஞாபகம் வந்தது: எழுவாய் எங்கே? யார் ஏற்படுத்த வேண்டும்? யார் தரமுயர்த்த வேண்டும்? எந்தக் காசில், எந்த மாதத்துக்குள்? பதினாறு பரிந்துரைகளை மொழிபெயர்த்தேன். ஒன்றில்கூடச் செய்கிறவர் இல்லை.

மலையகத்தில் இது வெறும் இலக்கணப் பிரச்சினை இல்லை. தோட்டங்களின் நிர்வாகம் 1992இலிருந்து பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் கையில். வீடு, பிள்ளைக் காம்பரா போன்ற நலன்புரி வேலைகளில் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் இருக்கிறது. வீடு வீடாக வரும் மிட்வைஃப், பிரதேசத்தின் சுகாதார வைத்திய அதிகாரியின் கீழ், அதாவது மாகாண சபையின் பக்கம். போசாக்குக் கொள்கை எழுதப்படுவது கொழும்பில், மத்திய அமைச்சில். தோட்டத்து டிஸ்பென்சரியில் இருக்கும் டொக்டர் ஐயா தோட்டத்தின் ஆள். ஒரு பிள்ளை ஏன் வளரவில்லை என்று கேட்டால் இத்தனை கதவுகளையும் தட்ட வேண்டும்.

தோட்டத்துப் பாதைகள் ஏன் கவனிப்பாரற்றுக் கிடந்தன என்ற கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் இருந்த ஒரு பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் பிரதேச சபையின் நிதியைச் செலவழிக்க முடியாது என்றே பல காலம் சொல்லிவந்தார்கள். அந்தச் சபைக்கு வாக்குப் போடுவதோ தோட்ட மக்கள். 2018இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகுதான் அந்தத் தடை நீங்கியது. பிரசவ வலியோடு லொறியில் போன எத்தனையோ பேரின் கஷ்டத்துக்குப் பின்னால் ஒரு சட்டப் பிரிவு இருந்தது. மருத்துவத் தரவை மட்டும் எவ்வளவு குவித்தாலும் அந்தப் பிரிவு கண்ணில் பட்டிருக்காது.

எழுவாய் சரியாக அமைந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் நம் மலையகத்திலேயே உதாரணம் உண்டு. பேராதனையில் படித்த காலத்தில் கெட்டம்பேயில் இருக்கும் பீடைகொல்லிப் பதிவாளர் அலுவலகத்தைத் தாண்டித்தான் கண்டிக்குப் பஸ்ஸில் போவேன். அந்தக் கட்டடத்துக்கு இப்படி ஒரு கதை இருப்பது பிறகுதான் தெரிந்தது.

1995இல் இலங்கையின் தற்கொலை வீதம் இலட்சம் பேருக்கு 47 என்ற உச்சத்தில் இருந்தது. உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களில் ஒன்று. அந்தச் சாவுகளில் பெரும்பங்கு பூச்சிகொல்லியால். பேராதனையைச் சேர்ந்தவர்கள் உட்பட ஆய்வாளர்கள் வைத்தியசாலைகளில் உட்கார்ந்து, எந்த நச்சால் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று பொறுமையாக எழுதினார்கள். பூச்சிமருந்துக்குப் பூச்சிமருந்து பெரிய வித்தியாசம் இருந்தது. சில மருந்துகளைக் குடித்தவர்களில் பலரைக் காப்பாற்ற முடியவில்லை. வேறு சிலவற்றில் பெரும்பாலானோர் பிழைத்து வீட்டுக்குப் போனார்கள்.

இந்தத் தகவல் போய்ச் சேர ஓர் இடம் இருந்தது. 1980ஆம் ஆண்டின் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டம் பதிவாளர் என்ற ஒரு பதவியை உருவாக்கி, ஒரு மருந்தைப் பதிவில் வைக்கவும் நீக்கவும் அதிகாரம் கொடுத்திருந்தது. அதனால் ஆய்வின் முடிவை "இந்த மருந்தை இன்னார் நீக்கலாம்" என்று சொல்ல முடிந்தது. 1995இல் மொனோகுரோட்டோபொஸ், மெத்தமிடோபொஸ், 1998இல் எண்டோசல்பான், 2008க்கும் 2011க்கும் இடையில் டைமெத்தோயேட், ஃபென்தியோன், அப்புறம் தேயிலை மலைகளில் களைக்கு அடித்த பராகுவாட். ஒவ்வொன்றாகப் போயின. விளைச்சல் விழுந்துவிடும் என்ற பயத்தையும் ஆய்வாளர்கள் ஒதுக்கிவிடவில்லை. நெல் விளைச்சலின் கணக்கையும் எடுத்துப் பார்த்து, தடையால் அது விழவில்லை என்று காட்டினார்கள். இருபது ஆண்டுகளில் தற்கொலை வீதம் சுமார் 70 வீதம் குறைந்தது. ஏறத்தாழ 93,000 உயிர்கள் தப்பியிருக்கும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. விற்பனையில் இருந்த சில போத்தல்கள் இல்லாமல் போனதால் உயிரோடு இருப்பவர்கள் நம் நடுவில் நடமாடுகிறார்கள். அவர்கள் யாரென்று அவர்களுக்கே தெரியாது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும்.

தான்சானியாவிலும் ஏறக்குறைய இதே விஷயம்தான். 1990களின் பிற்பகுதியில் ருஃபிஜி, மொரொகோரோ மாவட்டங்களின் சுகாதார அதிகாரிகளுக்கு, தங்கள் ஊரில் மக்கள் எதனால் சாகிறார்கள், பணம் எதற்குப் போகிறது என்ற இரண்டையும் எளிய படங்களாகக் காட்டினார்கள். மலேரியாவுக்கும் பிள்ளைகளின் நோய்களுக்கும் போகும் காசு மிகக் குறைவு என்பது ஒரே பார்வையில் தெரிந்தது. தலைக்கு ஒரு டொலர் அளவுக்கு மேலதிக நிதி, அதை எங்கே போடுவது என்று அவர்களே முடிவு செய்யும் உரிமை. சில ஆண்டுகளில் பிள்ளை மரணங்கள் 40 வீதத்துக்கு மேல் குறைந்தன.

எங்கள் வேலை இவற்றின் பக்கத்தில் மிகச் சின்னது. 2023இல் வேறொரு குழுவோடு அதே பள்ளத்தாக்குக்குத் திரும்பிப் போனேன். இந்த முறை பலகையைத் தூக்குவதற்கு முன்னால் கிளினிக் புத்தகங்களைப் புரட்டினேன். நிறைக் கோட்டில் இடைவெளிகள். பெரும்பாலும் சித்திரை, வைகாசியில். பழைய அறிக்கை இதைத்தான் விழிப்புணர்வுக் குறைவு என்று எழுதியிருந்தது. சரி, தாய்மாரிடமே கேட்போம் என்று கேட்டேன்.

"அப்பதான் மிஸ் கொழுந்து கொட்டும். கிளினிக் மேல் டிவிசன்ல, காலையில. போய்ட்டு வந்தா அரப்பேருதான் விழும்."

நாள் சம்பளம் 1,000 ரூபாயாக இருந்த காலம். அதிலும் கிலோ குறைந்தால் அரை நாள் கணக்கு, அதுதான் அரைப்பேர். அதற்கு முந்தின வருடப் பொருளாதார நெருக்கடியில் வாங்கிய கடன் எல்லா வீட்டிலும் மிச்சம் இருந்தது. பிள்ளைக்கு நிறை பார்க்க வேண்டும் என்று தெரியாத தாய் ஒருவரையும் நான் சந்திக்கவில்லை.

இதை முடிவு செய்கிறவர்கள் யார் என்று தேடினேன். மூன்றே பேர். கிளினிக் நாளைத் தீர்மானிப்பவர் சுகாதார வைத்திய அதிகாரி. இடம் கொடுப்பதும் நேரம் விடுவதும் தோட்டத்துப் பெரிய தொரை, அதாவது முகாமையாளர். வேலையைச் செய்பவர் மிட்வைஃப். ஒரே ஒரு பக்கம் எழுதினேன்: எத்தனை பிள்ளைகளுக்கு எந்த மாதங்களில் நிறை பதியப்படவில்லை, கொழுந்து மாதங்களில் கிளினிக்கைப் பகலுக்குப் பிறகு கீழ் டிவிசன் காம்பராவில் வைத்தால் யார் என்ன செய்ய வேண்டும். ஒவ்வொரு வரியிலும் ஒரு பதவியின் பெயர்.

மொழிதான் பெரிய தடையாக இருந்தது. தாய்மார் சொன்னது தமிழில். எங்கள் ஆய்வு நடந்தது ஆங்கிலத்தில். அதிகாரிகளின் மாதாந்தக் கூட்டம் சிங்களத்தில். ஒவ்வொரு மாற்றத்திலும் ஏதோ ஒன்று கொட்டிப் போகிறது. முதலில் போனது அந்த "அரப்பேரு". "வருமான இழப்பு" என்று எழுதினால் கூட்டத்தில் யாருக்கும் உறைக்காது. மிட்வைஃப் எனக்கு உதவினார். குருநாகலைச் சேர்ந்தவர், மலைக்கு வந்து பதினொரு வருடம், தமிழ் பேசுவார். கூட்டத்தில் அந்த இடம் வந்ததும் அவரே எழுந்து, அரைப்பேர் விழுந்தால் அந்த வீட்டில் அந்த வாரம் எது வாங்கப்படாமல் போகும் என்று சிங்களத்தில் சொன்னார். முட்டையும் பாலும்தான். அறை அமைதியாகிவிட்டது. அடுத்த ஆறு மாதங்களுக்குச் செய்து பார்க்கலாம் என்று ஒத்துக்கொண்டார்கள்.

தொரை முதலில் தயங்கினார். நிறுவை முடிந்த பிறகுதான் கிளினிக், வேலை நேரம் குறையாது என்று அட்டவணையைக் காட்டியதும் சம்மதித்தார். அவருடைய கவலையையும் முன்கூட்டியே கேட்டிருந்தால் ஒரு மாதம் மிச்சமாகியிருக்கும். அது என் தவறு.

ஆறு மாதம் கழித்து, முடிவுகளைத் தமிழில் அதே ஒரு பக்கத்தில் எழுதி, மாரியம்மன் கோயில் மண்டபத்தில் வாசித்தேன். புத்தகங்களில் இடைவெளி குறைந்திருந்தது. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. அதற்கு ஆறு மாதம் போதாது, அதையும் சொன்னேன். 2017இல் கேள்வி கேட்ட அக்கா முன்வரிசையில் இருந்தார். அன்று பால் குடித்த பிள்ளை இப்போது பாடசாலை போகிறான். வாசித்து முடித்ததும் கையைத் தூக்கினார்.

"சரி மிஸ். பீலித் தண்ணி கலங்கி வருது, புள்ளைங்களுக்கு வயித்தால போகுது. அத யாரு முடிவு பண்றது?"

மிட்வைஃபும் நானும் ஒருவரையொருவர் பார்த்தோம். தோட்டமா, பிரதேச சபையா, நிதியமா? அங்கேயே தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் மூன்றையும் எழுதினோம். அடுத்த புதன்கிழமை பிரதேச செயலகத்தில் கூட்டம். அந்த அக்காவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு அவருக்குப் பேர் விழ வேண்டுமே என்று தொரையிடம் கேட்க, மறுநாள் காலையில் மிட்வைஃபோடு ஒஃபிசுக்குப் போனேன்.