ஒரு மில்லிசெகண்டுக்குப் பிறகு

மூன்று வாரமாக என் டங்ஸ்டன் விரிசல் விடமாட்டேன் என்று அடம் பிடித்தது. லேப்டாப்புக்குள் இருக்கும் டங்ஸ்டனைத்தான் சொல்கிறேன்.

பிரான்சில், கடராஷில் கட்டிக்கொண்டிருக்கும் ஈட்டர், அணுக்களை இணைத்து ஆற்றல் எடுக்கப் பார்க்கும் இணைவு உலை. அதன் அடிப்பகுதிக்கு டைவர்ட்டர் என்று பெயர். உள்ளே சுழலும் பிளாஸ்மாவின், அதாவது மின்னேற்றம் கொண்ட அதிசூடான வாயுவின், கழிவுச் சூடு வந்து விழுகிற இடம். அதன் முகப்பு டங்ஸ்டன். உருகுநிலை 3422 டிகிரி, உலோகங்களிலேயே அதிகம். ஆனால் பிளாஸ்மா அவ்வப்போது ஏப்பம் விடும். மில்லிசெகண்ட் கணக்கில் ஒரு சூட்டடி. உருகும் அளவுக்குப் போகாமலே மேற்பரப்பில் பித்தவெடிப்பு மாதிரி கீறல்கள் விழுந்துவிடும். ஜெர்மனியில் யூலிஷ் ஆய்வகத்தில் எலெக்ட்ரான் கற்றையால் சுட்டு எடுத்த படங்களைப் பார்த்தால் அச்சு அசல் குதிகால்.

அதைத்தான் நான் கணினியில் வரவைக்கப் பார்த்தேன். சதுர மீட்டருக்கு 50 கோடி வாட், ஒரு மில்லிசெகண்ட். அதற்குள் சூடு கால் மில்லிமீட்டர் அளவுக்குத்தான் இறங்கும் என்பதால், மேலே 5 மைக்ரானுக்கு ஒரு அடுக்காக மெஷ் போட்டேன்; கணக்குப் போட உலோகத்தைக் குட்டிக் குட்டித் துண்டுகளாக, அதாவது எலிமெண்ட்களாக, வெட்டும் வலை அது. நடுநடுவே பிய்ந்துகொள்ளக்கூடிய பசை எலிமெண்ட்கள். மேற்பரப்பு சுமார் ஆயிரம் டிகிரி தொட்டது. பசை ஒன்றுகூடப் பிரியவில்லை. மெஷ்ஷைச் சந்தேகப்பட்டேன், மென்பொருளைத் திட்டினேன்.

கைடு வந்து பார்த்தார். "எவ்வளவு நேரம் ஓட்டினே?"

"ஒரு மில்லிசெகண்ட் சார்."

"அப்போ ஆறவே விடலையா?"

விடவில்லை. சூடான தோல் விரியப் பார்க்கிறது, கீழே இருக்கும் குளிர்ந்த உலோகம் விடுவதில்லை. டிகிரிக்குச் சுமார் 2.5 மெகாபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு) வீதம் அமுக்கம் ஏறுகிறது. அமுக்கத்தில் எது பிளக்கும்? ஆனால் சூட்டில் இளகிய தோல் நசுங்கி, நிரந்தரமாகக் குறுகிவிடுகிறது. ஆறும்போது பழைய இடத்துக்கு அது போதவில்லை, இழுபடுகிறது. அதற்குள் டங்ஸ்டனும் பழையபடி நொறுங்கும் குணத்துக்கு வந்திருக்கும்.

அரை செகண்ட் ஓட்டினேன். கணக்கில் அமுக்கம் மைனஸ், இழுப்பு பிளஸ். அடி நின்றதுமே மேற்பரப்பின் மைனஸ் இறங்கி, இரண்டாவது மில்லிசெகண்டுக்குள் பிளஸ் ஆகிவிட்டது. 900 மெகாபாஸ்கலை நெருங்கியபோது முதல் எலிமெண்ட் பிரிந்தது. அறையில் யாரும் இல்லை, கைதட்டிவிட்டேன்.

இருந்தாலும், விரிசல் எவ்வளவு ஆழம் போகும் என்று நான் கொடுக்கிற எண்ணை நீங்கள் முழுதாக நம்ப வேண்டாம். உருட்டிய தகடா, எந்தத் திசையில் உருட்டியது என்பதைப் பொறுத்தே டங்ஸ்டனின் குணம் மாறும்; என் அட்டவணையில் ஒரே ஒரு டங்ஸ்டன்தான் இருக்கிறது.

இப்போது கட்டியை முதலிலேயே 400 டிகிரிக்குச் சூடாக்கி வைத்து ஓட்டுகிறேன். 61 சதவீதம் முடிந்திருக்கிறது. இதுவரை கீறல் இல்லை.