அப்பத்தாவின் ஊதுகுழல்

என் அப்பத்தா வாழ்நாளில் பீடியையோ சுருட்டையோ தொட்டவரில்லை. ஆனாலும் எழுபதைத் தாண்டிய வயதில் அவருக்கு நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்று மருத்துவர் சொன்னபோது, வீட்டில் ஒருவருக்கும் நம்பிக்கை வரவில்லை. "ஆச்சி, எத்தனை வருசம் விறகடுப்பில் சமைச்சீங்க?" என்று அவர் கேட்ட பிறகே காரணம் விளங்கியது.

முகப்பு, பட்டாலை, வளவு என்று காற்றும் வெளிச்சமும் புழங்கும்படி பார்த்துப் பார்த்துக் கட்டிய செட்டிநாட்டு வீடுதான் எங்களுடையது. அதன் கடைசிக் கட்டில் இருக்கும் அடுப்படியின் உத்தரங்கள் மட்டும் இன்றும் கரி படிந்தே கிடக்கின்றன. அங்கே குந்தியிருந்து இரும்பு ஊதுகுழலால் தணலை ஊதிவிட்டு, அடுத்த மூச்சுக்கு அந்தப் புகையையே அப்பத்தா இழுத்துக்கொண்டிருந்தார். புகையிலுள்ள நுண்துகள்கள் நுரையீரலின் காற்றுப்பைகள் வரை இறங்கிவிடும். கார்பன் மோனாக்சைடோ இரத்தத்தில் ஆக்சிஜனுக்குரிய இடத்தைப் பிடித்துக்கொள்வதால், இதயம் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கும். ஆகவே, இயற்கை வாழ்வு என்றதும் விறகடுப்பின் பெருமையைப் பாடுகிறவர்களோடு என்னால் உடன்பட முடிவதில்லை.

உப்பிலும் இதே கதைதான். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டிக்குள், உப்பு போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மோர்மிளகாய், வற்றல், ஊறுகாய், உப்புக்கண்டம் என்று நாம் தட்டின் ஓரத்தில் வைத்துக்கொள்பவற்றையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பழைய வாழ்க்கையிலிருந்து நான் தயங்காமல் எடுத்துக்கொண்டது நடையை. தைப்பூசத்துக்குக் காவடியுடன் பழனிக்கு நடந்து செல்பவர்கள் எங்கள் பக்கத்தில் அதிகம். மார்கழி பிறந்ததும் காரைக்குடியிலிருந்து குன்றக்குடிச் சாலையில் விடியற்காலையில் நடந்து பழகுகிறவர்களைப் பார்க்கலாம். நானும் அப்படி ஒரு மார்கழியில் தொடங்கியவன்தான். தை முடிந்த பிறகும் விடவில்லை. வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு வேண்டும் என்பது பொதுவான பரிந்துரை. நாளுக்கு அரை மணி நேரமாக ஐந்து நாள் ஊரணியைச் சுற்றினால் அது நிறைவேறிவிடும். நடக்கும்போது பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. வேகம் சரிதானா என்று அறிய இதைவிட எளிய அளவுகோல் இல்லை. நெஞ்சில் இறுக்கம் தோன்றினால் அந்த இடத்திலேயே நின்றுவிட்டு, தாமதிக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். என்னோடு நடக்கும் ஒருவர், சுற்று முடிந்ததும் டீக்கடையில் சிகரெட் பற்றவைப்பார். புகைப்பதை விட்டு ஓராண்டானால், புகைத்துக்கொண்டே இருப்பவரோடு ஒப்பிடும்போது மாரடைப்பு அபாயம் ஏறக்குறையப் பாதியாகிறது என்று சொல்லிப் பார்த்தேன். தலையை மட்டும் ஆட்டினார்.

அப்பத்தாவுக்கு மருந்தோடு ஒரு மூச்சுப் பயிற்சியும் சொல்லித் தந்தார்கள். மூக்கால் இரண்டு எண்ணும் வரை மூச்சை இழுத்து, உதட்டைக் குவித்து நான்கு எண்ணும் வரை மெல்ல ஊத வேண்டும்; அப்போது மூச்சுக்குழாய்கள் சட்டென மூடிக்கொள்ளாமல், உள்ளே தேங்கிய காற்று வெளியேறும். பட்டாலைத் தூணில் சாய்ந்தபடி இரண்டு முறை செய்து பார்த்த அப்பத்தா, என்னைப் பார்த்துச் சொன்னார்: "இதத்தானடா அம்பது வருசமா அடுப்படியில ஊதிக்கிட்டு இருந்தேன்."