சரிவில் நின்ற வண்டி

“சக்கரம் சுத்துது சார், பிடிக்கவே மாட்டேங்குது. வண்டியைக் கொஞ்சம் பின்னால விட்டு, கப்ளரைச் சுருக்கி, இன்னொரு தடவை எடுத்துப் பார்க்கட்டுமா?” என்று ஏற்றத்தில் நின்றுவிட்ட சரக்கு ரயிலிலிருந்து போனில் கேட்டார் லோகோ பைலட், அதாவது இன்ஜின் ஓட்டுநர். கப்ளர் என்பது வேகன்களை ஒன்றோடொன்று இணைக்கும் கொக்கி. “வேண்டாம் சார், பேங்கர் அனுப்பச் சொல்றேன்” என்றேன், கண்ட்ரோல் அறையிலிருந்து. பேங்கர் என்றால் பின்னாலிருந்து தள்ளிவிடும் உதவி லோகோ. “நீங்க சொன்னா சரி சார்” என்று போனை வைத்துவிட்டார்.

மொத்தமே இவ்வளவுதான். யாருக்கும் அடிபடவில்லை, எதுவும் உடையவில்லை. பாதை ஒரு மணி நேரத்துக்கு மேல் அடைபட்டது, பின்னால் வந்த வண்டிகள் தாமதமாயின. கண்ட்ரோலின் அன்றைய பதிவேட்டில் அது ஒற்றை வரி. விளக்கம்கூட யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லி முடித்திருப்பேனோ என்னவோ. கேட்காததால், இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கணக்கு என் பக்கம்தான் இருக்கிறது. ஆறு அச்சு லோகோ, எடை சுமார் 120 டன். பின்னால் 3,000 டன் சரக்கு. ஏற்றம் 200க்கு 1. ஏற்றத்தில் வண்டி பின்னால் உருளாமல் தாங்கவே ஏறத்தாழ 153 கிலோநியூட்டன் வேண்டும். நின்ற வண்டியைக் கிளப்ப, டன்னுக்கு 40 நியூட்டன் என்று வைத்துக் கணக்குப் போடுவோம். அது இன்னொரு 125. ஆக 280 கிலோநியூட்டனை ஒட்டி இழுக்க வேண்டும். லோகோவின் எடை தண்டவாளத்தை அழுத்துவது சுமார் 1,180 கிலோநியூட்டன். வகுத்தால், சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே கிட்டத்தட்ட 0.24 அளவுக்குப் பிடிமானம் இருந்தாக வேண்டும். காய்ந்த தண்டவாளத்தில் மணலும் தூவினால் 0.3 கிடைக்கும். நனைந்தால் 0.2 கிடைப்பதே சந்தேகம். அன்று தூறல்.

தூறல் பெருமழையைவிட மோசம். பெருமழை தண்டவாளத்தைக் கழுவிவிடும். தூறலோ துருவையும் எண்ணெய்ப் பிசுக்கையும் தூசியையும் குழைத்துப் பூசிவிட்டுப் போகும். மேலே கம்பியில் 25,000 வோல்ட் இருக்கிறது. மின்சார லோகோ தன் எரிபொருளைத் தானே சுமக்க வேண்டியதில்லை, துணை மின்நிலையம் தருகிற வரை வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அவ்வளவு சக்தியும் கடைசியில் இறங்குவது ஒவ்வொரு சக்கரத்தின் அடியிலும் சிறு நாணயம் அளவே உள்ள ஒரு தொடுபரப்பின் வழியாகத்தான். அங்கே பிடி இல்லையென்றால் எத்தனை குதிரைத்திறன் இருந்தும் பயனில்லை.

அப்புறம் மோட்டார். அந்த லோகோ டிசி சீரிஸ் மோட்டார் உள்ள பழைய வகை. ரயிலுக்கு அந்த மோட்டாரைத் தேர்ந்தெடுத்ததே கிளம்பும்போது தரும் முறுக்குவிசைக்காகத்தான். ஒரே மின்னோட்டம் ஆர்மேச்சர் என்ற சுழலும் சுருளிலும் ஃபீல்ட் என்ற நிலையான காந்தச் சுருளிலும் ஓடுவதால், இரும்பு தெவிட்டும் வரை முறுக்குவிசை மின்னோட்டத்தின் வர்க்கத்தில் ஏறும். ஆனால் சுழலாத மோட்டாரில், சுழற்சியால் உண்டாகும் எதிர் மின்னழுத்தம் இல்லை. கொடுக்கிற வோல்டேஜைத் தடுக்க, சுருளின் சொற்ப மின்தடையைத் தவிர வேறு எதுவும் இல்லை. அதனால்தான் வோல்டேஜை நாட்ச் நாட்சாக, அதாவது படிப்படியாக, ஏற்றுகிறோம். வண்டி நகராமல் ஆம்பியர் மட்டும் ஏறி நின்றால், சுழலும் சுருளுக்கு மின்னோட்டத்தைக் கொண்டுசேர்க்கும் கார்பன் பிரஷ், கம்யூட்டேட்டர் என்ற செப்புப் பட்டை வளையத்தின் அதே சில பட்டைகள் மேலேயே உட்கார்ந்து சுடும். சில நொடிகள் தாங்கும், அதற்கு மேல் அந்தப் பட்டைகள் கெடும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து ரயில்வேக்கள் 50 ஹெர்ட்ஸை விட்டு 16⅔ ஹெர்ட்ஸுக்குப் போனதற்கும் இந்தக் கம்யூட்டேட்டர்தான் காரணம். ஏசியில் ஓடும் சீரிஸ் மோட்டார் 50 ஹெர்ட்ஸில் தாங்க முடியாதபடி பொறி கக்கியது. தொல்லை பிடித்த உறுப்பு. இது போதாதென்று, நின்ற இடத்திலேயே சக்கரம் சுற்றினால் தண்டவாளத்தின் தலையில் குழி விழும். அப்புறம் பாதைக்காரர்களுக்கு நாம் பதில் சொல்ல வேண்டும்.

இதெல்லாம் “வேண்டாம்” என்பதற்குப் போதுமான காரணங்கள்தான்.

ஆனால் அவர் கேட்டது வெறுமனே இன்னொரு தடவை நாட்ச் ஏற்றுவதற்கு இல்லை. கப்ளரைச் சுருக்கி எடுக்கட்டுமா என்று கேட்டார். அதில்தான் என் கணக்கு இடறுகிறது. மேலே போட்ட 280, மொத்த வண்டியையும் ஒரே பாறையாக நினைத்துப் போட்டது. ஏற்றத்தில் நின்ற வண்டியில் கப்ளர்கள் எல்லாம் இழுபட்டு விறைப்பாக இருக்கும், அப்போது அந்தக் கணக்கு சரி. சுருக்கி எடுத்தால் முதல் வேகன் நகரும், அப்புறம் இரண்டாவது, அப்புறம் மூன்றாவது. நின்ற வண்டியைக் கிளப்புவதில் உள்ள கூடுதல் தடை ஒரே நேரத்தில் வராமல் பிரிந்து பிரிந்து வரும். உருளத் தொடங்கிய வேகனின் தடை பாதிக்கும் கீழே இறங்கிவிடும். ஏற்றத்தின் பாரம் அப்படிக் குறையாதுதான். ஆனால் 125 என்று போட்ட பங்கு குறையும். பழைய டிரைவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வித்தை இது. எனக்கும் தெரியும்.

தெரிந்தும் மறுத்தேன். பின்னோக்கி நகர்த்த அனுமதி வேண்டும், கார்டு ஒப்புக்கொள்ள வேண்டும். சரிவில் அத்தனை டன்னைப் பின்னால் விட்டு எங்கே நிறுத்துவது என்பது அவ்வளவு லேசான விஷயம் இல்லை. சுருங்கிய வண்டி மீண்டும் நீளும்போது, கடைசி வேகன்கள் கிளம்பும் நேரத்தில், வெடுக்கென்று ஓர் இழுப்பு விழும். கப்ளர் அறுந்தால் பிரேக் குழாயும் பிரிந்து இரண்டு துண்டும் தானாக நிற்கும், நிற்க வேண்டும். நின்றாலும் பாதை அடைபடுவது ஒரு மணி நேரத்தோடு போகாது.

இன்னொரு காரணமும் உண்டு. இதைக் கேட்பவர்கள் எல்லோரும் உடனே தலையாட்டுவது இதற்குத்தான். வண்டி நின்றிருந்த சிக்னலுக்கு அப்பால், அதே ஏற்றத்தில், நியூட்ரல் செக்‌ஷன் இருக்கிறது. இரண்டு துணை மின்நிலையங்களின் வெவ்வேறு ஃபேஸ்கள் சேர்ந்துவிடாதபடி நடுவில் மின்சாரமில்லாத துண்டு. லோகோவின் சர்க்யூட் பிரேக்கரைத் திறந்து மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, இருக்கிற வேகத்திலேயே கடக்க வேண்டும். அந்த ஏற்றத்தில் மணிக்கு 20 கிலோமீட்டரில் சக்தியை நிறுத்தினால் வண்டி சுமார் 200 மீட்டர் ஓடும். வேகம் 10 மட்டும் என்றால் தூரம் பாதியாகாது, கால்வாசியாகும்; சுமார் 50 மீட்டர்தான். தட்டுத்தடுமாறிக் கிளம்பி, வேகம் பிடிக்காமல், அந்தத் துண்டுக்கு அடியில் போய் நின்றுவிட்டால் மணலும் உதவாது, வித்தையும் உதவாது.

அருமையான காரணம். போனில் “வேண்டாம்” என்று சொன்ன அந்த நொடியில் இது என் மனதில் இருந்ததா என்று கேட்டால், சத்தியம் செய்ய மாட்டேன். இருந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அந்தப் பகுதியின் வரைபடம் எனக்கு மனப்பாடம். ஆனால் அவரிடம் இதைச் சொல்லவில்லை என்பது மட்டும் தெரியும். சொல்லியிருந்தால் அவரும் ஏதாவது சொல்லியிருப்பார்.

பேங்கர் வந்து பின்னால் சேர்ந்தது, வண்டி கிளம்பியது. பிற்பாடு பேங்கர் பைலட்டிடம் பேசியபோது, “நான் பெருசா தள்ளவே இல்லை சார், ஆம்பியர்கூட ஏறல” என்றார். அங்கேதான் குடைச்சல் ஆரம்பித்தது. அப்படியானால் முன்னால் இருந்தவர் தனியாகவே எடுத்திருப்பாரா? உடனே எனக்கு மறுப்பும் கிடைத்துவிட்டது. பேங்கர் வருவதற்குள் தூறல் நல்ல மழையாகி ஓய்ந்திருந்தது, தண்டவாளம் கழுவப்பட்டிருக்கும். நீண்ட வண்டியில் கடைசி வேகன்களின் பிரேக் முழுக்க இளக நேரமாகும். அந்த நேரமும் கிடைத்திருந்தது. சூழ்நிலையே வேறு.

ஆனால் பேங்கர் லேசாகத் தள்ளியதும் என்ன நடந்திருக்கும்? பின்பக்கத்து வேகன்களின் கப்ளர்கள் சுருங்கியிருக்கும். முன் லோகோவின் பைலட் கேட்டதையே இன்னொரு லோகோவை வரவழைத்துச் செய்திருக்கிறோம். பாதுகாப்பாகத்தான் செய்தோம், அதை மறுக்கவில்லை. என்றாலும் அவர் சொன்னது தவறு என்று இனி என்னால் சொல்ல முடியாது.

இப்போது வகுப்பில் இதைச் சொன்னால் இளைஞர்களுக்குப் புரிவதில்லை. அவர்களுடையது மூன்று ஃபேஸ் லோகோ. இண்டக்‌ஷன் மோட்டாரில் சக்கரம் கொஞ்சம் வேகமெடுத்தாலே முறுக்குவிசை சட்டென்று விழுந்துவிடும். மோட்டாருக்கு மின்சாரத்தைக் கட்டுப்படுத்தித் தரும் இன்வெர்ட்டர் அந்த நழுவலை அளந்து, அதிகப் பிடி கிடைக்கும் அளவிலேயே சக்கரத்தை வைத்திருக்கும். பழைய லோகோவிலோ இழுக்கும்போது எடை பின்னால் சாய, முன் அச்சு லேசாகி நழுவத் தொடங்கும். ஆம்மீட்டர் முள் துள்ளும். அதைக் கண்ணும் கையும்தான் கவனிக்க வேண்டும். அந்தக் கை எங்களிடம் அனுமதி கேட்டது. நானோ தண்டவாளத்தைப் பார்க்காமல் மேசைமுன் உட்கார்ந்திருந்தேன்.

“நீங்க சொன்னா சரி” என்றாரே, அதில் எவ்வளவு சம்மதம், எவ்வளவு “இனி உங்கள் பொறுப்பு”? ஒருவேளை அவருக்கே நம்பிக்கையில்லாமல், நான் மறுக்க வேண்டும் என்றுதான் கேட்டாரோ என்றும் தோன்றியிருக்கிறது. அது எனக்கு வசதியான எண்ணம் என்பதால் அதை அதிகம் நம்புவதில்லை. அவரிடம் கேட்டிருக்கலாம். பிறகு பலமுறை வேறு விஷயங்களுக்காகப் பேசியிருக்கிறோம்; இதை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

வகுப்பில் யாராவது “நீங்கள் செய்தது சரியா சார்?” என்று கேட்டால், சரி என்றுதான் சொல்கிறேன். அதே மூச்சில், சரிவிலிருந்து பைலட் கூப்பிட்டால் பதில் சொல்வதற்கு முன் தண்டவாளம் எப்படி இருக்கிறது என்று அவரிடமே கேளுங்கள் என்றும் சொல்கிறேன். அன்று நான் கேட்டிருந்தாலும் “ஈரம் சார்” என்றுதான் சொல்லியிருப்பார், நானும் மறுத்துத்தான் இருப்பேன். அந்தச் சிக்னலை இறக்கத்துக்கு மாற்றச் சொல்லி எழுதியதற்குப் பதில் வரவில்லை. கனமான வண்டி என்றால், முன்பாதை கிடைக்கும்வரை முந்தைய நிலையத்தின் சமதளத்திலேயே நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டார்கள். அதனால் அங்கிருந்து இப்போது யாரும் எனக்குப் போன் செய்வதில்லை.