ஒரு கேப்ஸ்யூலும் ஒரு தம்ளர் தண்ணீரும்

இருமல் தொடங்கிப் பத்து நாள் ஆகியிருந்தது. சாதாரணச் சளிதான், தானாக அடங்கும் என்று முதல் வாரம் பேசாமல் இருந்தேன். சளியைக் கொண்டுவருபவை பெரும்பாலும் வைரஸ்கள். அவற்றிடம் ஆன்டிபயாடிக் எடுபடாது என்பது தெரியும். ஆனால் எட்டாம் நாள் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் ஏறியது. மூச்சை உள்ளே இழுத்தால் வலது விலாவில் ஊசி குத்தியது போல் வலித்தது. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் அடிப்பகுதியில் வெள்ளைத் திட்டு ஒன்று தெரிந்தது. நிமோனியா, தீவிரமில்லை, வீட்டிலிருந்தபடியே மருந்து சாப்பிடலாம் என்றார் மருத்துவர்.

சீட்டு எழுதுவதற்கு முன் அவர் கேட்டார்: "எந்த மருந்தாவது உங்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா?"

"பெனிசிலின் ஆகாது" என்றேன். சிறு வயதிலிருந்தே எல்லா மருத்துவரிடமும் சொல்லிவந்த பதில்.

"சாப்பிட்டபோது என்ன ஆனது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லிவந்த ஒன்றைப் பற்றி யாரும் அப்படிக் கேட்டதில்லை. நானும் அம்மாவிடம் கேட்டதில்லை. அங்கிருந்தே அம்மாவுக்குத் தொலைபேசியில் பேசினேன். "நாலு வயதில் காய்ச்சலுக்குக் கொடுத்தார்கள். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ உடம்பெல்லாம் சிவப்பாகப் பொரிந்தது. மூச்சுத் திணறலெல்லாம் இல்லை" என்றாள்.

மருத்துவர் அதை எழுதிக்கொண்டார். மருந்து உள்ளே போன ஒரு மணி நேரத்துக்குள் தடிப்பு எழும்பி, உதடும் நாக்கும் வீங்கி, மூச்சு அடைத்தால் அது உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை. குழந்தைகளுக்குச் சில நாள் கழித்து வரும் லேசான சிவப்பு, பல சமயம் அந்தக் காய்ச்சலை உண்டாக்கிய வைரஸின் வேலையாகவே இருக்கும். "இப்போது சோதித்துப் பார்க்கும் நேரமில்லை. குணமான பிறகு பார்ப்போம்" என்று சொல்லி, பெனிசிலின் வகையைச் சேராத ஆன்டிபயாடிக்கான டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம், காலையும் இரவும், ஏழு நாள் என்று எழுதினார்.

"வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" என்றும் கேட்டார். இல்லை என்றேன். பொய் சொல்லவில்லை, இரத்தசோகைக்காகத் தினமும் விழுங்கும் இரும்புச்சத்து மாத்திரையை நான் மருந்தாகவே நினைத்திருக்கவில்லை. மருந்துக் கடையில் இருந்த மருந்தாளுநர் அதே கேள்வியை வேறு மாதிரி கேட்டார்: "சத்து மாத்திரை, கால்சியம், நெஞ்செரிச்சலுக்கான மருந்து ஏதாவது?" அப்போதுதான் வாயைத் திறந்தேன். டாக்ஸிசைக்ளினை இரும்பு குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும், இரத்தத்துக்குள் போக விடாது என்றார். கால்சியம், துத்தநாகம், அலுமினியமோ மெக்னீசியமோ கலந்த அமில முறிப்பான்கள் எல்லாம் இதே வேலையைச் செய்யுமாம். அவரே மருத்துவரிடம் பேசி, அந்த ஏழு நாளும் இரும்பு மாத்திரையை நிறுத்தச் சொன்னார். கேள்வியை அவர் அப்படிப் பிரித்துக் கேட்டிருக்காவிட்டால், பாதி மருந்து எனக்குள் சேராமலே நிமோனியாவோடு போராடியிருப்பேன். மருந்தைக் கட்டிக் கொடுப்பதோடு தன் வேலை முடிந்தது என்று நினைக்காத அந்த மனிதருக்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

போகும்போது இன்னும் மூன்று சொன்னார். வெயிலில் தோல் சீக்கிரம் சிவந்து எரியும், மூடிக்கொண்டு போங்கள். வயிறு புரட்டினால் உணவோடு சாப்பிடுங்கள். ஒரு தம்ளர் தண்ணீர் முழுவதும் குடித்து விழுங்கிவிட்டு, அரை மணி நேரமாவது படுக்காதீர்கள். முதல் இரண்டையும் அப்படியே கடைப்பிடித்தேன். மூன்றாவதை இரண்டு நாள் மட்டும்.

மூன்றாம் நாள் இரவு உடம்பு ஓய்ந்திருந்தது. அரைத் தூக்கத்தில் எழுந்து, கேப்ஸ்யூலை ஒரே மடக்குத் தண்ணீரில் விழுங்கிவிட்டுத் தலையணையில் சாய்ந்தேன். விடியும் முன் விழித்தபோது மார்பின் நடுவே நெருப்பு வைத்தது போல் எரிந்தது. எச்சில் விழுங்கினால் நெஞ்செலும்புக்குப் பின்னால் கத்தி இறங்குவது போன்ற வலி. அது முதுகு வரை பாய்ந்தது. மாரடைப்போ என்று பயந்தேன். நிமோனியா முற்றிவிட்டதோ என்றும் பயந்தேன். வெறும் நெஞ்செரிச்சலாக இருக்கக் கூடாதா என்ற ஆசையில் வீட்டிலிருந்த அமில முறிப்பான் பாட்டிலைக் கையில் எடுத்துவிட்டேன். மருந்தாளுநர் சொன்னது நினைவுக்கு வந்து அதைக் கீழே வைத்தேன்.

மார்பு வலி என்பதால் மருத்துவமனையில் முதலில் இதயத்துக்குத்தான் ஈசிஜி எடுத்தார்கள். அது சரியாக இருந்தது. பிறகு மருத்துவர் கேட்டார்: "நேற்று இரவு மாத்திரையை எப்படி விழுங்கினீர்கள்?" சொன்னேன். கேப்ஸ்யூல் வயிற்றுக்குப் போகாமல் உணவுக்குழாயின் சுவரில் ஒட்டிக்கொண்டு அங்கேயே கரைந்திருக்கிறது. கரையும்போது டாக்ஸிசைக்ளின் கடும் அமிலத்தன்மை கொண்டது. தொட்ட இடத்தைப் புண்ணாக்கிவிடும். தூங்கும்போது உமிழ்நீர் குறைவாகவே ஊறும், விழுங்குவதும் அரிது. கீழே தள்ள எதுவும் இல்லை. மாத்திரையால் உணவுக்குழாயில் புண்ணாவதற்கு டாக்ஸிசைக்ளின் பெயர்போன காரணம். எலும்புத் தேய்மானத்துக்குக் கொடுக்கும் அலென்ட்ரோனேட்டுக்கும், சில வலி மாத்திரைகளுக்கும் இதே குணம் உண்டு.

அந்தக் கேப்ஸ்யூலை நிறுத்திவிட்டு, அதே டாக்ஸிசைக்ளினை நீரில் கரைத்துக் குடிக்கும் மாத்திரையாக எழுதினார். அமிலச் சுரப்பைக் குறைக்க வேறொரு மருந்தும் கொடுத்தார். அது டாக்ஸிசைக்ளினைப் பிடித்து வைக்காத வகை. அடுத்த நான்கு நாள் ஆறிய கஞ்சி போன்றவற்றைத்தான் விழுங்க முடிந்தது. ஒவ்வொரு வாய்க்கும் கண்ணில் நீர் வந்தது. மூச்சு இழுக்கும்போது வந்த வலியைவிட இந்த வலிதான் என்னை அதிகம் வாட்டியது. இரவு மருந்தைப் படுக்கப் போகும் நேரத்திலிருந்து மாலைச் சாப்பாட்டு நேரத்துக்கு நகர்த்தினேன்; காலை மருந்தையும் அதற்கேற்பப் பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் வைத்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் காய்ச்சல் முழுவதும் விட்டது. இருமலும் பாதியாகிவிட்டது. தொண்டை படும் பாட்டைப் பார்த்தால், மீதியை விட்டுவிடலாமே என்று மனம் சொன்னது. நானாக முடிவெடுக்காமல் மருத்துவரிடம் கேட்டேன். சில தொற்றுகளுக்கு ஐந்து நாளே போதும், சிலவற்றுக்கு வாரக்கணக்கில் வேண்டும், நோயையும் ஆளையும் பார்த்துத்தான் எத்தனை நாள் என்று முடிவு செய்வோம், உங்களுக்கு ஏழு வேண்டும் என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டு "முடித்தே ஆக வேண்டும்" என்று அதட்டாமல் காரணம் சொன்னார். 1945-இல் நோபல் பரிசு உரையிலேயே, போதாத அளவில் பெனிசிலினைச் சாப்பிட்டால் கிருமிகள் அதை எதிர்த்துப் பிழைக்கக் கற்றுக்கொள்ளும் என்று பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்ஸாண்டர் ஃபிளெமிங் எச்சரித்தார். அன்று வரப்போகும் ஆபத்தாகச் சொன்னது இன்று நடக்கிறது: மருந்தை எதிர்க்கும் பாக்டீரியாக்களே நேரடிக் காரணமாக 2019-இல் மட்டும் உலகெங்கும் 12.7 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்பது கணிப்பு.

ஆறாம் நாள் காலை மருந்தை மறந்துவிட்டு முற்பகலில் நினைத்துக்கொண்டேன். அடுத்த வேளைக்கு நேரம் நிறைய இருந்ததால் உடனே குடித்தேன். அடுத்த வேளை நெருங்கியிருந்தால் விட்டுவிட வேண்டும். இரண்டையும் சேர்த்துக் குடிக்கவே கூடாது. வயிறும் இரண்டு நாள் இளகியிருந்தது. அதற்குப் பயப்பட வேண்டாம், ஆனால் நீராகப் பல முறை போனாலோ, இரத்தம் கலந்தாலோ, வயிற்று வலியும் காய்ச்சலும் சேர்ந்தாலோ உடனே வர வேண்டும், கடையில் வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரை வாங்கிப் போடக்கூடாது என்றார் மருத்துவர். குடலில் நல்ல பாக்டீரியாக்கள் அழிந்த இடத்தில் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற பாக்டீரியா பெருகுவதால் வரும் கடும் பேதி, மருந்தை நிறுத்திச் சில வாரம் கழித்தும் வரக்கூடுமாம். எனக்கு அப்படி எதுவும் வரவில்லை.

நிறுத்தச் சொன்ன கேப்ஸ்யூல்கள் அட்டையில் எட்டு மீதம் இருந்தன. நெருங்கிய உறவினர் ஒருவர் தமக்கும் இருமல் என்றும், அவற்றைத் தரும்படியும் கேட்டார். மறுத்தேன். வருத்தப்பட்டார். அவருடைய இருமல் எதனால் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எட்டையும் மருந்துக் கடையில் திருப்பிக் கொடுத்து அழிக்கச் சொன்னேன்.

இரண்டு மாதம் கழித்து ஒவ்வாமைச் சிறப்பு மருத்துவரிடம் போனேன். பெனிசிலின் ஆகாது என்று சொல்லிக்கொள்பவர்களைச் சோதித்தால் பத்தில் ஒன்பது பேருக்கு ஆகும் என்றே முடிவு வருகிறது. உண்மையான ஒவ்வாமைகூடப் பத்தாண்டுகளில் பெரும்பாலோருக்கு மங்கிவிடுகிறது என்றார். முன்கையில் ஊசியால் சோதித்தார்கள். பிறகு பெனிசிலின் வகை மருந்தான அமாக்ஸிசிலினைச் சிறிய அளவிலிருந்து தொடங்கிக் கொடுத்து, அவசர மருந்துகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார வைத்தார்கள். இந்தச் சோதனையை வீட்டில் யாரும் செய்து பார்த்துவிடக் கூடாது. ஒவ்வொரு முறையும் உதட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி இருந்தேன். எதுவும் நடக்கவில்லை. சில நாள் கழித்துத் தடிப்பு வருகிறதா என்று வீட்டிலும் பார்க்கச் சொன்னார்கள். அதுவும் வரவில்லை.

என் மருத்துவக் குறிப்பில் இருந்த "பெனிசிலின் ஒவ்வாமை" என்ற வரியை அடித்துவிட்டு, அதற்குக் கீழே இன்னொரு வரி எழுதினார்கள்: டாக்ஸிசைக்ளின் கேப்ஸ்யூலால் உணவுக்குழாய்ப் புண், ஒவ்வாமை அல்ல. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். இரண்டாவது வரியை இன்னொரு முறை படிக்கச் சொன்னாள்.