வள்ளிமலையில் உட்கார்ந்திருப்பவர்கள்

தியானம் கற்க எங்கே போகலாம் என்று கேட்கும் நண்பர்களுக்கு நான் முதலில் சொல்வது வள்ளிமலை. நம்ம வேலூர் பக்கம், காட்பாடி தாலுகாவில்தான் இருக்கிறது. முருகனையும் வள்ளியையும் கும்பிடத்தான் எல்லோரும் போகிறோம், சரி. அதே மலையில் சமணர்கள் வணங்கும் ஞானிகளான தீர்த்தங்கரர்களும் பாறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். 9-ஆம் நூற்றாண்டு, கங்க மன்னன் ராசமல்லன் காலத்துச் சிற்பங்கள். கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். மடித்த கால், மடியில் கைமேல் கை, நிமிர்ந்த முதுகு. அந்தத் தோள்களில் துளி இறுக்கம் இல்லை. காலையில் போனை எடுத்ததுமே நமக்கு இறுகுவது அந்த இடம்தான்.

அந்தத் தோள்களை மனதில் வைத்துக்கொண்டு பாகாயம் பஸ்ஸில் பழகுகிறேன். உட்கார இடம் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே செய்யலாம். தோளைத் தளர்த்தி, மூச்சை இழுக்கும் நேரத்தைவிட விடும் நேரத்தை நீட்டுவேன். மூச்சை விடும்போது இதயத்துடிப்பு இயல்பாகவே சற்றுக் குறையும். அது மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பின் வேலை. கண்ணை மூடத் தேவையில்லை. கிரீன் சர்க்கிள் நெரிசலில் ஹார்ன் சத்தம் காதில் விழும், விழட்டும். மனம் ஆபீஸுக்கு முன்னாடியே ஓடிவிடும். திட்டாமல் திரும்பக் கூப்பிட்டு மூச்சில் விட வேண்டும். என்னைக் கேட்டால், அப்படிக் கூப்பிடுவதுதான் முழுப் பயிற்சியுமே.

ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போகிறேன். வேலூர் வெயில் தெரியுமே, அதிகாலையிலேயே கிளம்பணும். வருகிறவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள்.