மறுகால் பாயாத குளம்

திசையன்விளைக்குப் பக்கத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். ஊர்த் தண்ணியின் குணம் எனக்குப் பம்பைக் கழற்றும்போது தெரிந்துவிடும். பம்புக்குள் சுழலும் இம்பெல்லர் இடுக்கில் வெள்ளையாக அப்பியிருந்தால், ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் பாளம் பாளமாகப் பெயர்ந்தால், அது சுண்ணாம்பு. பெரிய கேடில்லை. உப்பு வேறு மாதிரி வேலை பார்க்கும். போல்ட்டின் மரையைத் தின்றிருக்கும். காஸ்ட் அயர்ன் வாயில் அம்மைத் தழும்பு மாதிரி குழி விழுந்திருக்கும். ஸ்பேனர் போட்டால் போல்ட்டின் தலை மட்டும் கையோடு வரும்.

இப்படிப்பட்ட பம்புகள் முன்பெல்லாம் உவரி, பெரியதாழைப் பக்கமிருந்துதான் வரும். கடலோரம், சரி. இப்போது எங்கள் ஊர்ப் பெரியகுளத்துக் கரைக்குக் கீழே இருக்கிற கிணற்று மோட்டார்களும் அதே கோலத்தில் வருகின்றன. குளத்துத் தண்ணி உப்பாகிக்கொண்டு வருகிறது என்று நான் சொல்ல ஆரம்பித்தபோது, "அண்ணாச்சி, உமக்கு மோட்டார் ரிப்பேர் ஆனா லாபந்தானவே" என்றார்கள். லாபம்தான். ஆனால் வாழை இலையின் ஓரம் கருகுவது அவர்களுக்கே தெரியும். முருங்கை கொஞ்சம் தாங்குகிறது, அதனால் யாரும் வாயைத் திறக்கவில்லை.

எங்கள் குளம் மானாவாரிக் குளம். ஐப்பசி, கார்த்திகையில் ஓடையில் வருவதுதான் வரத்து. மணிமுத்தாறு அணைக் கால்வாயின் நாலாவது ரீச்சில் தண்ணி விட்டால் எங்களுக்கும் வரும் என்று தாத்தா காலத்திலிருந்து பேச்சு. கடைமடைக்கு வந்துசேர்வது அபூர்வம். மற்றபடி தேங்கியதை வெயில் குடிக்கும். இந்தப் பக்கத்து வெயிலுக்கும் ஆடிக் காற்றுக்கும் வருஷத்தில் ஒன்றரை மீட்டர் தண்ணி ஆவியாகப் போவதற்குக் குறையாது. பெய்கிற மழை அதில் பாதி தேறினாலே நல்ல வருஷம்.

என் மச்சினன் தூத்துக்குடி உப்பளத்தில் வேலை பார்க்கிறான். ஆவணியில் கோயில் கொடைக்கு வந்தவன் குளத்தில் இறங்கி ஒரு கை அள்ளி வாயில் வைத்துத் துப்பினான்.

"அத்தான், நாங்க பாத்தியில பாக்குத வேலையத்தான் நீங்க குளத்துல பாக்கீங்க. சம்பளம் மட்டுந்தான் கெடைக்கல."

அவன் சொன்னது கேலியில்லை. கடல் தண்ணியை அவர்கள் உப்புக் கனம் காட்டும் மானி போட்டுப் பார்த்தால் மூன்று டிகிரிக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் காயவைத்து இருபத்தைந்து டிகிரிக்குக் கொண்டுவந்தால் உப்பு இறங்கும். வழியிலேயே ஜிப்சம் முதலில் படிந்துவிடும். கடைசியில் மிஞ்சும் கசப்புத் தண்ணியை வெளியே தள்ளிவிடுவார்கள், இல்லாவிட்டால் உப்பு கெட்டுப்போகும். ஒரு சொட்டு உப்பும் வெயிலோடு மேலே போகாது என்பதுதான் அவர்கள் தொழிலுக்கு மூலதனம். உள்ளே வரத்து இருந்து வெளியே போக்கு இல்லாத எந்தத் தண்ணியும் காலப்போக்கில் அளம்தான். வருகிற மழைத் தண்ணியில் உப்பு எவ்வளவு கம்மியாக இருந்தாலும் வருஷம் வருஷமாகச் சேர்ந்துகொண்டே போகும்.

ஆர்ஓ பிளாண்ட்காரர்கள் வைத்திருக்கும் டிடிஎஸ் மீட்டர் பேனா ஒன்று என்னிடமும் உண்டு; லிட்டர் தண்ணியில் கரைந்த உப்பு எத்தனை மில்லிகிராம் என்று காட்டும். (அது உப்பை எடை போடும் கருவி இல்லை. தண்ணியில் கரண்ட் எவ்வளவு ஓடுகிறது என்று பார்த்து, அதை ஒரு கணக்கால் பெருக்கிக் காட்டுகிறது. உப்பு கூடினால் கரண்ட் நன்றாக ஓடும். எங்கள் தொழில் ஆட்களுக்கு இது புரியும்.) 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அந்த மழையில் எங்கள் குளமும் கரை கொள்ளாமல் மறுகால் பாய்ந்தது. ஊரில் நட்டம் ஏகப்பட்டது. ஆனால் வடிந்த பிறகு குளத்தில் மீட்டரை வைத்தால் முந்நூற்றுச் சொச்சம். குடிக்கிற தண்ணிக்கு 500 வரை நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 2000 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணயக் கணக்கு. இந்த ஆவணியில், குளத்தின் ஆகத் தாழ்ந்த மதகான பள்ளமடைப் பக்கம் கிடக்கும் முழங்கால் தண்ணியில் வைத்தேன், மூவாயிரத்தை ஒட்டி நின்றது. இரண்டு மழை தப்பியதற்கே இந்தப் பாடு.

குளம் சங்கதி ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் ஏறியதும் வைத்தியர்கள் கிளம்பிவிட்டார்கள். தேற்றாங்கொட்டையை இழைத்துப் போடலாம் என்றார் ஒருவர். அதில் கலங்கல் தெளியும், உப்பு தெளியாது. ஏதோ நுண்ணுயிர்க் கரைசல் டிரம் கணக்கில் ஊற்றலாம் என்றார் இன்னொருவர். ஜிப்சம் மூட்டை மூட்டையாகக் கொட்டச் சொன்னவர் கொஞ்சம் படித்தவர். ஜிப்சம் களர் நிலத்துக்கு மருந்து. மண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கும் சோடியத்தைக் கழற்றிவிடும். கழன்ற சோடியத்தை வடித்து வெளியேற்றினால்தான் நிலம் தேறும். தேங்கிய தண்ணியில் போட்டால் இருக்கிற உப்போடு இன்னும் கொஞ்சம் உப்பு, அவ்வளவுதான். கரைந்த உப்பை வேறொன்றாக மாற்றும் மருந்து எதுவும் கிடையாது. அதை எங்காவது கொண்டுபோய் விட வேண்டும்.

இதில் இன்னொரு கூத்து. குளத்துக்கரையை ஒட்டி ஒரு கேன் தண்ணி பிளாண்ட் இருக்கிறது. ஆழ்துளைக் கிணற்றிலிருந்து உவர்த்தண்ணியை எடுத்து, நல்லதைக் கேனில் அடைத்து, கழிவுத் தண்ணியைக் குழாய் போட்டுக் குளத்தில் விடுகிறார்கள். வடிகட்டியால் உப்பு ஒழிந்துபோவதில்லை. கேனில் போகாதது முழுக்க அந்தக் கழிவில்தான் கெட்டியாக இருக்கும். பூமிக்கடியில் கிடந்த உப்பைக் கரண்ட் செலவழித்து மேலே ஏற்றிக் குளத்தில் சேர்க்கிறார்கள். அந்தக் கேனை வாங்கித்தான் நாங்கள் குடிக்கிறோம், நானும்தான்.

உடைமரத்தை, அதாவது சீமைக்கருவேலத்தை, குற்றம் சொல்லாத ஆள் இல்லை. பிடுங்கட்டும், நல்லதுதான். அதனால் உப்பு இறங்கும் என்று யாரும் காத்திருக்க வேண்டாம்.

எனக்கு உண்மையில் எரிச்சல் ஜேசிபி மேல்தான். 2017-ல் விவசாயிகள் குளத்து வண்டலை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று அரசு சொன்னதிலிருந்து கரம்பை அள்ளுவது திருவிழாவாகிவிட்டது. மேலாக ஓரடி, இரண்டடி வழித்தால் நான் கையெடுத்துக் கும்பிடுவேன். சித்திரையில் காய்ந்த தரையில் பொரிப்பொரியாய்ப் பூத்திருக்கும் வெள்ளை உப்பும் அதோடு போய்விடும். ஆனால் எங்கள் குளத்தில் பள்ளமடையின் வாசல்மட்டத்துக்கும் கீழே ஆளுயரக் குழிகளாகத் தோண்டி வைத்திருக்கிறார்கள். குளம் ஆழமாயிற்று, தண்ணி கூடுதலாய் நிற்கும் என்று ஊருக்குப் பெருமை வேறு. மடை வாசலுக்குக் கீழே நிற்கிற தண்ணி எந்தக் காலத்திலும் வெளியே போகாது. நிற்கும், காயும், அடுத்த மழையில் அந்த உப்பே மறுபடி கரைந்து மேலே வரும். மச்சினன் அந்தக் குழிகளைப் பார்த்துவிட்டு, "இத எங்க மொதலாளிக்குக் குத்தகைக்கு விடுங்க" என்றான்.

ஆப்பிரிக்காவில் சாட் என்று ஒரு ஏரி இருக்கிறது. அதற்கும் கடலுக்குப் போக வழி கிடையாது. அக்கினி வெயில் வேறு. கணக்குப்படி கரித்துத் தீர வேண்டிய ஏரி, இன்றைக்கும் பெரும்பாலும் நல்ல தண்ணியாகவே இருக்கிறது. காரணம், உப்பு ஊற்றோடு ஊற்றாக நிலத்துக்குள் இறங்கி நிலத்தடி நீரோடு போய்விடுகிறது. எங்கள் குளத்திலும் கசிவு உண்டு, அதனால்தான் இவ்வளவு நாள் தாங்கியது. கசிந்த உப்பு கரைக்குக் கீழே கிணறுகளில் நிற்கிறது, என் கடைக்குப் போல்ட்டாக வருகிறது. குளத்தடியில் களிமண் மெத்தி கசிவை அடைக்கலாம் என்று ஒரு யோசனை ஓடுகிறதே, அது வேண்டாம் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

மத்திய ஆசியாவின் ஏரல் கடலைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். ஆறுகளைப் பருத்திக்குத் திருப்பிவிட்டு வற்றவைத்த ஏரி. கசாக்ஸ்தான்காரர்கள் 2005-ல் கோக்-அரால் அணையைக் கட்டி வடக்கு மூலையை மட்டும் தனியாக மறித்தார்கள். சிர் தரியா ஆறு அதில் விழுந்தது, மிச்சத் தண்ணி மதகு வழியாகத் தெற்கே போயிற்று. மட்டம் ஏறியது, உப்பு இறங்கியது, நல்ல தண்ணி மீன்கள் திரும்ப வந்தன. தெற்குப் பகுதியைக் கைவிட்டுவிட்டார்கள் என்பதும் அதே கதையில் இருக்கிறது. அங்கேயும் வரத்தும் போக்கும்தான் மருந்து.

அப்படியானால் எங்களுக்கு என்ன வழி? மறுகால் பாய்ந்தால் உப்பு போய்விடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பாதிதான் சரி. குளத்தடியில் பழைய தண்ணி கனமாகக் கிடக்கும். புது மழைத்தண்ணி அதோடு கொஞ்சம் கலக்கும், மிச்சம் மேலாகவே வந்து மறுகாலில் விழுந்துவிடும். 2023 போலப் பிரட்டிப் போட்டு ஓடினால் வேறு கதை; அந்த மாதிரி மழையை யாரும் வேண்டிக்கொள்ள மாட்டார்கள். ஆகவே மழைக்கு முன்னால், புரட்டாசியில், பள்ளமடையைத் திறந்து அடித்தண்ணியை வடித்துவிட வேண்டும். ஐம்பது ஏக்கர் பரப்பில் ஓரடித் தண்ணி நிற்கிறது, லிட்டருக்கு மூன்று கிராம் உப்பு என்று வையுங்கள். கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள், 185 டன் வரும். பத்து டன் லாரி வைத்து அள்ளினால் பதினெட்டரை லோடு. மடை வழியாகப் போனால் டீசல் செலவில்லை. ஓடை பிடித்துக் கருமேனியாற்றில் சேர்ந்து மணப்பாட்டுப் பக்கம் கடலில் விழும். புரட்டாசியில் கீழே பயிரும் இருக்காது.

இருக்கிற தண்ணியைத் திறந்துவிடு என்று இந்த நாட்டில் ஒருவன் சொன்னால் அவனை என்ன சொல்வார்கள் என்று உங்களுக்கே தெரியும். சங்கக் கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்து, "ஏலே, ஒங்கப்பன் ஒரு சிரட்டத் தண்ணிக்கு மம்பட்டியத் தூக்குன ஆளு. நீ கொளத்தத் தொறந்துவுடச் சொல்லுத" என்றார். எனக்கு ஆதரவாகப் பேசிய ஒரே ஆள் மீன் ஏலம் எடுத்தவர். அவருக்குக் குளம் வற்றினால் வலை போட வசதி.

தாமிரபரணி–கருமேனியாறு–நம்பியாறு இணைப்புக் கால்வாயைக் காட்டி, அது வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று இளவட்டங்கள் சொல்கிறார்கள். 2009-ல் தொடங்கிய வேலை, 75 கிலோமீட்டர், 2025 பிப்ரவரியில்தான் திறந்தார்கள். கன்னடியன் கால்வாயிலிருந்து வெள்ளத் தண்ணி எம்.எல். தேரி வரைக்கும் வரவேண்டும். பாபநாசத்தில் ஆற்றில் மீட்டரை வைத்தால் நூறைத் தொடாது, அப்படிப்பட்ட தண்ணி. வரட்டும், ஆரத்தி எடுக்கலாம். ஆனால் போக்கு இல்லாத குளத்தில் பாபநாசத் தண்ணியையே நிறைத்தாலும் கணக்கு அதேதான், வருஷம் கொஞ்சம் கூட ஆகும்.

நியாயமான தடை ஒன்று கீழ ஊர்க்காரர் ஒருவர் சொன்னது. ஓடையை ஒட்டி அவருக்குக் கிணறு. மூவாயிரம் உப்புத் தண்ணி ஓடையில் நாள்கணக்கில் ஊர்ந்துபோனால் தன் கிணற்றில்தான் இறங்கும் என்கிறார். ஓடை காய்ந்து கிடக்கும்போது திறந்தால் அதுதான் நடக்கும், மறுக்க முடியாது. அதனால் இப்போது பேச்சு இப்படி நிற்கிறது: முதல் மழையில் ஓடையில் தண்ணி ஓட்டம் கண்ட அன்றைக்கு மடையைத் திறப்பது, அவர் கிணற்றுத் தண்ணியை முன்னும் பின்னும் என் மீட்டரில் பார்த்து நோட்டில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுவது, குளத்து மட்டம் ஏற ஆரம்பித்ததும் அடைப்பது. நீர்வளத்துறைக்கு மனு கொடுத்திருக்கிறோம். பிளாண்ட்காரரிடம் கழிவுக் குழாயைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை. அவர் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு இலவசமாகக் கேன் கொடுக்கிறவர், முதலில் யார் வாயைத் திறப்பது என்றுதான் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.