லால்குடி தில்லானாவும் என் வலது கையும்

நாட்டியக் கச்சேரிகளுக்கு வயலின் வாசிப்பவள் நான். வீடு ஸ்ரீரங்கத்தில். திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம், எப்போதாவது சென்னை என்று எங்கே அரங்கேற்றம் நடந்தாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். மேடையில் எங்கள் இடம் ஓரத்தில். ஜதி சொல்லும் நட்டுவாங்கம், பாட்டு, மிருதங்கம், புல்லாங்குழல், அதற்கும் அடுத்துதான் வயலின். அழைப்பிதழில் கடைசி வரியில் என் பெயர் வரும். சில சமயம் இனிஷியல் மாறி வரும். பழகிவிட்டது.

இந்த வேலையில் இருப்பவர்களுக்கு வயலின் மேதை லால்குடி ஜெயராமன் என்றால் முதலில் ஞாபகம் வருவது நிகழ்ச்சியின் கடைசி உருப்படியாக ஆடுகிற அவருடைய தில்லானா, ஜதிச் சொற்கள் நிறைந்த துள்ளல் பாட்டு. ஒத்திகைக்குப் போனதும் டான்ஸ் மிஸ்ஸிடம் நான் கேட்கிற கேள்வியே அதுதான்.

"தில்லானா எது மிஸ்?"

"லால்குடிதான்."

"மோகனகல்யாணியா?"

"எல்லாரும் அதையே ஆடுறாங்க. இவளுக்கு தேஷ்."

பேச்சு அவ்வளவோடு முடிந்துவிடும். தேஷ், த்விஜாவந்தி, காபி, ரேவதி, வாசந்தி, ராகேஸ்ரீ, மிஸ்ர சிவரஞ்சனி, சிந்துபைரவி என்று எந்த ராகத்தைச் சொன்னாலும் விரல் தானாகப் போய் நின்றுகொள்ளும். ஒரு தடவை சலங்கை கட்டிக்கொண்டிருந்த குட்டிப் பெண் ஒருத்தி என்னைப் பார்த்து, "ஆன்ட்டி, லால்குடிங்கறது ஊரா, ஆளா?" என்று கேட்டாள். நல்ல கேள்விதான். ஸ்ரீரங்கத்திலிருந்து சென்னைக்கு ரயில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் லால்குடி வந்துவிடும். ஊரின் பழைய பெயர் திருத்தவத்துறை. சப்தரிஷீஸ்வரர் கோயில் இருக்கிறது. தியாகராஜர் அங்கே வந்து ஐந்து கீர்த்தனைகள் பாடினார். கல்யாணி, தோடி, பைரவி, காம்போதி, மத்யமாவதி என்று ஐந்தும் பெரிய ராகங்கள். லால்குடி பஞ்சரத்னம் என்று சொல்வோம். அவரை அங்கே வரவழைத்தவர் அவருடைய சீடர் லால்குடி ராமய்யர். அந்த ராமய்யர் வம்சத்தில் வந்தவர்தான் வயலின் ஜெயராமன். பிறந்தது 1930 செப்டம்பர் 17. குரு, அப்பா கோபாலய்யர். 12 வயதிலேயே பக்கவாத்தியமாக மேடை ஏறியாயிற்று.

இவ்வளவையும் அந்தக் குழந்தையிடம் சொல்லவில்லை. "ரெண்டும்தான் கண்ணா" என்றேன். அவளுக்கு மேக்கப் கலைந்துவிடுமோ என்ற கவலை.

வயலின் வாசிப்பவர்களின் இடது கையைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். பார்க்கவும் அழகுதான். சப்பணமிட்டு உட்கார்ந்து, வயலினின் சுருள் முனையை வலது பாதத்தில் ஊன்றி, மறு முனையை மார்பில் அணைத்துவிட்டால் வாத்தியம் அசையாது. அதைத் தாங்கிப் பிடிக்கும் வேலை இடது கைக்கு இல்லை. தந்தியின் மேல் வழுக்கிக்கொண்டு போகலாம், வரலாம். விரல் நுனியில் துளி தேங்காய் எண்ணெய் இருந்தால் ஜாரு என்கிற அந்த வழுக்கல் இன்னும் சுகம். ஆனால் பாட்டில் இருக்கிற வார்த்தையைச் சொல்ல வேண்டியது வலது கை. லால்குடி பாணி என்று நாங்கள் பிரித்துச் சொல்வது முக்கியமாக அந்த வலது கையைத்தான்.

சாருகேசி ராகத்தில் அவர் போட்ட வர்ணம், அதாவது நாட்டியத்தின் நடுவில் வரும் பெரிய உருப்படி, 'இன்னும் என் மனம்'. கண்ணனைப் பார்த்து, என் மனசு தெரியாதவர் போல இருப்பது நியாயமா என்று கேட்கிற நாயகியின் பாட்டு. முதல் வரியை வெறும் ஸ்வரமாக நினைத்து ஒரே வில்லில் இழுத்துக்கொண்டு போகலாம். ராகத்துக்கு ஒரு குறையும் வராது. ஆனால் பாடுகிறவர் 'இன்னும்' என்று சொல்லும்போது கவனியுங்கள். 'ன்'னில் நாக்கு மேலே ஒட்டி ஒரு கணம் நிற்கிறது, அப்புறம் 'னு' திறக்கிறது. வில் அந்த இடத்தில் தந்தியை விடாமல் அழுத்தத்தை மட்டும் தளர்த்தி, அடுத்த எழுத்தில் திரும்ப வேண்டும். 'மனம்' வரும்போது ம, ன இரண்டும் மெல்லினம். அங்கே வில் திரும்பியது யார் காதிலும் விழக்கூடாது. வல்லினம் வந்தால் லேசாகக் கடிக்கலாம். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த வல்லினம், மெல்லினம், இடையினம் வில் பிடிக்கிற கைக்கு உதவும் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் இலக்கணத்தில் இன்னும் கொஞ்சம் மார்க் வாங்கியிருப்பேன்.

என் குரு இதை ஒரே வழியில்தான் கற்றுக்கொடுத்தார். எந்தப் பாட்டானாலும் முதலில் வாயால் பாட வேண்டும். குரல் எப்படி இருந்தாலும் சரி, எழுத்து சுத்தமாக விழ வேண்டும். அதற்கு அப்புறம்தான் வில்லுக்குத் தடவும் ரோசின் டப்பாவைத் திறக்க விடுவார்.

லால்குடிக்கு இந்தக் காது எங்கிருந்து வந்தது? அவர் யார் யாருக்குப் பக்கவாத்தியம் வாசித்தார் என்று பார்த்தால் விளங்கிவிடும் என்பது என் அபிப்பிராயம். அரியக்குடி, செம்பை, செம்மங்குடி, ஜி.என்.பி., மதுரை மணி அய்யர், ஆலத்தூர் சகோதரர்கள், புல்லாங்குழல் மாலி... ஒருவருக்குப் பிடித்தது அடுத்தவருக்கு ஆகாது. ஜி.என்.பி.யின் பிருகா என்கிற அதிவேக ஸ்வரக் கொத்து ஓடுகிற வேகத்துக்கு விரல் ஓட வேண்டும். ஆலத்தூர் சகோதரர்களின் பல்லவியில் தாளக் கணக்கு கொஞ்சம் பிசகினாலும் சபையில் தெரிந்துவிடும். மதுரை மணி அய்யருக்கு அந்தக் கணக்கே வேண்டாம்; சர்வலகுவில், அதாவது தாளத்தோடு இயல்பாக ஒழுகும் நடையில், ஸ்வரம் தண்ணீர் மாதிரி போய்க்கொண்டிருக்கும். அங்கே வயலின்காரர் தன் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டப் கணக்குப் போட்டுக் கட்டிய பெரிய கோர்வை ஒன்றை வைத்தால் கச்சேரியே திசை மாறிவிடும். மணி அய்யருக்கு லால்குடி வாசித்த பதிவுகளைக் கேட்டால், அவர் விட்ட இடத்திலேயே எடுத்து, அதே நடையில் போய், நீட்டாமல் திரும்பக் கொடுத்திருப்பார். எவ்வளவு தெரிந்தவர், எவ்வளவு சின்னதாக வாசிக்கிறார் என்று எனக்கு ஒவ்வொரு தடவையும் தோன்றும்.

வார்த்தையும் தாளமும் இல்லாமல் ராகத்தை விரிக்கிற ஆலாபனையில் இன்னும் நுட்பம். பாடகர் என்ன பாடப் போகிறார் என்று முன்கூட்டித் தெரியாது. அவருடைய குரலுக்கு ஒரு மயிரிழை பின்னால் வயலின் நிழலாகப் போக வேண்டும். முந்தினால் மரியாதைக் குறைவு, ரொம்பப் பிந்தினால் எதிரொலி. அவர் மூச்சு வாங்கும்போது கடைசியாக நின்ற ஸ்வரத்தைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். அப்புறம் நமக்கு ஒரு முறை வரும். அவர் இருபது நிமிஷம் பாடியதை ஐந்தாறு நிமிஷத்தில் சொல்ல வேண்டும், ஆனால் அதையே சொல்லவும் கூடாது. சுருதி வேறு பாடகருக்குப் பாடகர் மாறும். கட்டை என்பது அதன் உயரக் கணக்கு. இன்றைக்கு ஒரு கட்டையில் ஆண் குரல், தந்தி தொளதொளவென்று இருக்கும். நாளைக்கு ஐந்து கட்டையில் பெண் குரல், தந்தியை முறுக்கும் பிருடையைத் திருகும்போதே தந்தி அறுந்துவிடுமோ என்று பயமாக இருக்கும். பாடகர்கள் யாரும் இந்தக் கஷ்டத்தை விசாரித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

1965-இல் எடின்பரோ விழாவில் அவர் வாசிப்பைக் கேட்ட மேற்கத்திய வயலின் மேதை யெஹூதி மெனுஹின் ஓர் இத்தாலிய வயலினைப் பரிசாகக் கொடுத்ததை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அதற்கு அடுத்த வருஷம் அவர் தொடங்கிய வயலின், வேணு, வீணை கச்சேரிகள். புல்லாங்குழல் என். ரமணி, வீணை ஆர். வெங்கட்ராமன். காற்று, வில், மீட்டு என்று மூன்றும் மூன்று விதம். வீணையின் நாதம் மீட்டியதும் தேய ஆரம்பிக்கும்; வயலின் இழுத்தால் நிற்கும்; குழல் மூச்சு இருக்கிற வரைக்கும். வயலின் நினைத்தால் மற்ற இரண்டையும் விழுங்கிவிடலாம். அப்படி நடக்காமல் பார்த்துக்கொண்டார். இதுவும் பக்கவாத்திய புத்திதான்.

அவருடைய தில்லானாக்களிலும் அதே புத்தியைத்தான் பார்க்கிறேன். மோகனகல்யாணியை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறும்போது மோகனம், மத்யமமும் நிஷாதமும் கிடையாது; இறங்கும்போது கல்யாணி, ஏழு ஸ்வரமும் உண்டு. அதனால் மேலே போகிற சங்கதி தாவும், கீழே வருகிற சங்கதி ஆடி அசைந்து வரும். ஆடுகிற பெண்ணுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? துள்ளி ஏறி, அசைந்து இறங்க இடம் தானாகக் கிடைக்கிறது. அத்தோடு ஜதிக்கு நடுவே கால் விழுவதற்கு வெற்றிடம் விட்டிருப்பார். சங்கதியை அடைத்துவைக்க மாட்டார். மேடை ஓரத்தில் உட்கார்ந்து வாசிக்கும்போது என் வில் திரும்புகிற இடமும் அவள் பாதம் தரையைத் தட்டுகிற இடமும் ஒன்றாக வந்து விழும். அதற்காகவே மணிக்கணக்கில் கால் மரத்துப்போக உட்காரலாம்.

எல்லாமே இப்படிச் சுலபம் என்று நினைக்க வேண்டாம். மதுரை மீனாட்சி மேல் அவர் செய்த நவரஸ பதவர்ணம் 'அங்கயற்கண்ணி' இருக்கிறதே, ஒன்பது ரசத்துக்கு ஒன்பது ராகம். ஆடுகிறவளுக்கு முகம் மாற வேண்டும், எங்களுக்கு விரல் மாற வேண்டும். ஜதி முடிந்து அடுத்த ராகத்தில் இறங்குகிற அந்த ஒரு கணத்தில் மனசு முந்தைய ராகத்திலேயே இருந்தால் போச்சு. நீலாம்பரியில் 'செந்தில் மேவும்' வந்தால் மட்டும் கொஞ்சம் நிம்மதியாக வாசிப்பேன். ராகமும் அப்படி.

நாட்டியத்தோடு அவருக்கு இருந்த இந்த உறவு கடைசியில் ஒரு சினிமாவிலும் வந்து நின்றது. தேவதாசி ஒருத்தியின் கதையான 'சிருங்காரம்' படத்துக்கு இசையமைத்து, 2005-ஆம் ஆண்டுக்கான தேசிய விருது வாங்கினார். பத்மஸ்ரீ 1972-இல், பத்மபூஷண் 2001-இல். பட்டங்களை இதற்கு மேல் அடுக்கினால் எனக்கே அலுப்பாக இருக்கும்.

அவரைப் பிடிக்காதவர்களும் உண்டு. என் குருவின் தம்பி, நான் மாமா என்று கூப்பிடுபவர், இன்னொரு வயலின் மேதையான எம்.எஸ். கோபாலகிருஷ்ணனின் பரம பக்தர். "லால்குடி ரொம்ப பாலிஷ்மா. எம்.எஸ்.ஜி. வில்லை இழுத்தா மண்டபமே அதிரும்" என்பார். எம்.எஸ்.ஜி. வாசித்த பரூர் பாணியின் அந்த நீள வில்லும் ஒற்றை விரலில் ஸ்தாயி முழுக்க ஓடுகிற ஓட்டமும் யாருக்கும் சும்மா வராது, ஒப்புக்கொள்கிறேன். வயலின் டி.என். கிருஷ்ணனின் சுத்தமான நாதம் இன்னொரு ரகம். ஆனால் 'பாலிஷ்' என்ற புகாரை மட்டும் நான் ஏற்க மாட்டேன். லால்குடி இழைத்து இழைத்து வைத்ததெல்லாம் பாட்டின் எழுத்துக்காக. எழுத்து தெளிவாக விழ வேண்டுமென்றால் வில்லில் சொரசொரப்பு இருக்க முடியாது. எம்.எஸ்.ஜி. 2013 ஜனவரியில் போனார், லால்குடி அதே வருஷம் ஏப்ரல் 22-இல். கிருஷ்ணன் 2020-இல். மாமாவோடு இந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. லால்குடியின் பாணியோ அவருடைய பிள்ளை ஜி.ஜெ.ஆர். கிருஷ்ணன், பெண் விஜயலட்சுமி கையில் இருக்கிறது. பாடுகிறவர்களில் பாம்பே ஜெயஸ்ரீயும் அவரிடம் படித்தவர்தான். வயலின்காரரிடம் வாய்ப்பாட்டு படிக்க வந்தார்கள் என்பதிலேயே மாமாவுக்கு என் பதில் இருக்கிறது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை தஞ்சாவூரில் ஓர் அரங்கேற்றம். வர்ணம் சாருகேசி, தில்லானா சிந்துபைரவி, இரண்டும் லால்குடி. புதுப் பாடகி, ஐந்தரைக் கட்டை வேண்டுமாம். மேல் தந்தி பழசு, தாங்காது. நாளைக்குச் சின்னக்கடை வீதிப் பக்கம் போனால் புதுசு ஒன்று வாங்கிப் போட்டு, ஞாயிற்றுக்கிழமைக்குள் அதைப் பழக்கிவிட வேண்டும்.